கதவைத் தட்டியவர்கள்

மூடியைக் கழற்றியதும் உள்ளே விரல் தடிமனுக்குத் தூசி. ஏதோ அலுவலகத்தில் பத்து வருஷம் உழைத்துக் களைத்த பெட்டி. பழைய கம்ப்யூட்டர் கடைக்காரர் அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது போதும்ணே. நாள் முழுக்க ஓடினாலும் கரண்ட் அதிகம் தின்னாது. ரெண்டு பழைய ஹார்ட் டிஸ்க் போட்டுத் தர்றேன், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். எதுக்கு சர்வர்?”

“பையனுக்கு,” என்றேன்.

மகன் மாடிப்படிக்குக் கீழே இப்படித்தான் ஒன்றை ஓடவிட்டிருந்தான். எங்கெங்கோ இருக்கிற நண்பர்கள் இணையம் வழியாக அதில் வந்து சதுரங்கம் ஆடுவார்கள். இரண்டாவது முறையும் அவன் பரீட்சையில் தோற்ற அன்று, குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதை வயரோடு பிடுங்கிப் பழைய இரும்பு வாங்கும் வண்டியில் போட்டேன். ஈரத் தலையோடு வந்தவன் காலி இடத்தைப் பார்த்தான். சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். “ஆட்டத்துக்கு நடுவுல இருந்தாங்கப்பா,” என்று மட்டும் சொன்னான். அந்த வாரமே வீட்டை விட்டுப் போனான். பதினான்கு மாதமாகிறது. போன் எண்ணையும் மாற்றிவிட்டான்.

போன மாதம் அவனுடைய சதுரங்க இணையதளத்தின் முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி என் போனுக்குச் செய்தி வந்தது. என் பெயரில் பதிவு செய்திருக்கிறான். எனக்கு அதுவரை தெரியாது.

லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்றவன் நான். இரும்பு என் பேச்சைக் கேட்கும். இந்தப் பெட்டி கேட்கவில்லை. விசிறி அலறியது. அணைத்துப் போட்டால் தேதியை மறந்தது, உள்ளே பொத்தான் அளவு பேட்டரி செத்திருந்தது. நாலு தடவை கடைக்கு நடந்து, கடைக்காரர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் பலகையைத் திரையில் வரவழைத்தேன். பணம் கட்டிப் புதுப்பித்த அதே முகவரி. அவன் பெயரில் ஒரு கணக்கும் திறந்து வைத்தேன். பழைய நண்பன் எவனாவது பார்ப்பான், மகன் காதுக்குப் போகும் என்று ஒரு நப்பாசை.

மறுநாளே உள்ளே வர முயன்றவர்களின் பட்டியலில் முந்நூறு வரிகளுக்கு மேல்.

“யாராவது வந்தாங்களாங்க?” என்றாள் மனைவி.

“நிறையப் பேர் தட்டியிருக்காங்க.”

அன்று அவள் மகனுடைய அறையைப் பெருக்கித் துடைத்தாள். மெத்தையை வெயிலில் போட்டாள்.

பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போனேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இதெல்லாம் ஆளுங்க இல்லண்ணே. திருட்டு புரோகிராம். ஒலகத்துல இருக்குற எல்லாக் கதவையும் தட்டிப் பாக்கும். தொறந்திருந்தா நுழையும்.”

வீட்டில் சொல்லவில்லை. தினமும் அவள் கேட்டாள். தினமும் ஒரு எண்ணிக்கையைச் சொன்னேன்.

வியாழக்கிழமை பட்டறையிலிருந்து வந்து பார்த்தபோது, அர்த்தமில்லாத அந்நியப் பெயர்களுக்கு நடுவே தமிழில் ஒரு சொல். உருண்டை. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது மனைவி வைத்த செல்லப்பெயர். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கடவுச்சொல் தவறு. நாலு நிமிஷம் கழித்து மறுபடி. தவறு. மறுபடி.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கிருந்து வந்தது என்று காட்டும் எண்ணைத் தேடினேன். வீட்டுக்குள் இருக்கிற கருவி என்றால் எண் எப்படித் தொடங்கும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படித்தான் தொடங்கியது. காலை பத்தே கால். என் போன் அப்போது என்னோடு பட்டறையில் இருந்தது. வீட்டில் இருந்தது அவள் போன் மட்டும்தான்.

நான் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று செய்தாளா? இல்லை, அவன் பெயரைச் சொன்னால் தனக்காவது திறக்கும் என்று நினைத்தாளா? வெகுநேரம் அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறை வாசலுக்குப் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு?” என்றாள், திரும்பாமல்.

“ஒருத்தர் மட்டும். மூணு தடவை.”

குழாய்க்கடியில் இருந்த பாத்திரம் நிரம்பி விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கியது. அவளுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை அதற்குள் அசையாமல் கிடந்தன.