மாற்றாத லென்ஸ்

அந்தக் கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவள் மனைவி. ஃபிரேம் மாட்டித் தருபவர் கணவர். அவள் டாக்டர் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், தெருக்காரர்கள் 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அன்று மதியம் நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில், எந்த லென்ஸைப் போட்டாலும் பளிச்சென்று தெரிவதாகச் சொன்னார். பயந்தவர் வாயிலிருந்து நிஜத்தை வாங்க அவளிடம் ஒரு வழி இருந்தது. லென்ஸை எடுத்து, அதையே திரும்பப் போட்டாள்.

"மாத்திட்டேன். இப்ப?"

"இது அதைவிட நல்லாருக்கும்மா."

"நான் எதையும் மாத்தலையே அண்ணே."

டிரைவர் வெட்கத்தோடு சிரித்தார். பிறகு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் மட்டும் சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கென்று சேர்த்த பணத்தை, அவள் தம்பி பேச்சைக் கேட்டு ஒரே கம்பெனியின் பங்கில் போட்டிருந்தார். அது பாதியாகிக் கிடந்தது. கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டிடக்காரரோ காலையில்தான் ஒரு மருந்துக்கடைக்காரரைக் கூட்டிவந்து, இவர்கள் கண்முன்னே சுவரை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். நாளை மாலைக்குள் கூடுதல் முன்பணம் வராவிட்டால் கடை கைமாறிவிடும். பங்கை விற்றால் பணம் கைக்கு வர ஒரு நாள் ஆகும். இன்றைய விலைக்கு விற்றால் தொகை தேறும். இன்னும் சரிந்தால் தேறாது. பங்குச் சந்தை மூட அரை மணி நேரம்தான் இருந்தது.

"வாங்குன விலை வரட்டும். அன்னைக்கே வித்துடறேன்."

"அது நீங்க வாங்குன விலை. சந்தைக்கு அது தெரியுமா?"

"உன் தம்பிதானே ஏறும்னான்."

"என் தம்பி சொல்லி நீங்க வேற எதைக் கேட்டிருக்கீங்க?"

"விக்காத வரைக்கும் நஷ்டம் இல்லம்மா. வெறும் நம்பர்."

"அப்ப கட்டிடக்காரர்கிட்ட அந்த நம்பரைக் கொடுங்க. வாங்கிக்குறாரா பார்ப்போம்."

அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது போன் அவள் கையில் இருந்தது.

"வித்துட்டேன்," என்றாள்.

அவர் கண் சோதிக்கும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்திலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைக்கவில்லை. கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தவில்லை. காலையிலிருந்து காதுவரை ஏறியிருந்த தோள்கள் மெதுவாகக் கீழே இறங்கின.

"இன்னும் நேரமிருக்கு," என்று போனை நீட்டினாள். "விட மனசில்லன்னா அதே பணத்துக்குத் திரும்ப வாங்கிக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் கை நீட்டவே இல்லை.

"இருக்குற நிலைமையில இதைப் போய் எவனாவது வாங்குவானா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவள் அவரையே பார்த்து நின்றாள். டிரைவரின் பதிலுக்குக் காத்து நின்ற அதே நிற்பு.

"அந்த டிரைவருக்கும் எனக்கும் ஒரே லென்ஸா?" என்றார்.

"ஆமாங்க. நான் எதையும் விக்கல."

அவர் போனை வாங்கினார். விற்கும் பட்டன்மேல் விரலைக் கொண்டுபோனார். விலை ஒரு படி இறங்கியது, மறுபடி ஏறியது. ஏறிய நொடியில் விரல் தயங்கியதை அவள் பார்த்தாள். அவரே அழுத்தினார். விற்றாயிற்று என்று செய்தி வரும்வரை இருவரும் திரையையே பார்த்திருந்தார்கள்.

பிறகு கட்டிடக்காரரைக் கூப்பிட்டார். "நாளைக்கு வாங்க, பணம் தர்றேன். டேப்பை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க."