கடலைக்கு ஒரு சின்னச் சொல்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலம் இதுவரை கண்டிராத மாநாடு ஒன்று நேற்றுக் காலை ஒரு பேக்கரியின் பின்கட்டில், மைதா மூட்டைகளுக்கும் அடுப்புக்கும் நடுவே கூடியது. பொருள்: மிகமிகக் கொஞ்சத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது. கலந்துகொண்டோர்: முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பி, கேக் மாஸ்டர்.

மாநாட்டுக்குக் காரணம் ஒரு கரண்டி. நாலு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்து விழாவுக்குக் கேக் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாஸ்டர் அதைத் தொட்டியில் பார்த்தார். கடலை வெண்ணெய் கிண்டிய கரண்டி. அதைக் கழுவாமலே பள்ளிக்கூடக் கேக்கின் மாவையும் வழித்திருந்தார்.

அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். கடலை பட்டால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். அவளுக்காகவே 'கடலை இல்லை' என்று அட்டை ஒட்டித்தான் பெட்டி போகும். நேற்றும் ஒட்டித்தான் போனது.

"ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு ஓடிடறேன் முதலாளி" என்றார் மாஸ்டர்.

"ஓடினா அப்படியே வீட்டுக்கு ஓடிடு. நீ வேர்க்க விறுவிறுக்கப் போய் நின்னா நாளைக்கு எவன் நம்மகிட்ட கேக் வாங்குவான்? விஷயத்தச் சின்னதாச் சொல்லணும்யா."

முதலாளியின் மனைவி பள்ளி அலுவலகத்துக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் விழாவில். ஒலிபெருக்கியில் சிறப்பு விருந்தினர் பேசுவது பின்கட்டு ஜன்னல் வரை கேட்டது. அவர் முடித்தால் நன்றியுரை. நன்றியுரை முடிந்தால் கேக்.

தலைமையாசிரியை மேடையிலிருந்தாலும் செல்போனைப் பார்ப்பார். ஆனால் ஆங்கிலத்தில் வரும் செய்திகளை மட்டும். ஆகவே மைத்துனர் மாடியிலிருந்து அழைக்கப்பட்டார். உறவுக்குள் அவருக்கு 'அகராதி' என்று பெயர். அது படிப்பால் வந்ததா குணத்தால் வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

அகராதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார்.

"மாமா, அவசரப்படக் கூடாது. 'பின்ச்'னு போட்டா, நாமளே ரெண்டு விரலால கிள்ளிப் போட்டோம்னு ஆயிடும். 'டேஷ்' அதவிட மோசம். வேணும்னே ஊத்தின மாதிரி."

"அது வேண்டாம்" என்றார் முதலாளி, நெற்றியைத் துடைத்தபடி.

"'ஹின்ட்'னா நாக்குக்கு லேசாத் தட்டுப்படுற ருசி. பெருமையா எழுதறது. 'ஸ்பெக்'னா கண்ணுக்குத் தெரியணும். கண்ணுக்குத் தெரிஞ்சுதா மாஸ்டர்?"

"நான் எங்கங்க பாத்தேன்" என்றார் மாஸ்டர். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

"'அயோட்டா'ன்னு ஒண்ணு இருக்கு. ஆனா அது இல்லவே இல்லைன்னு சொல்றதுக்குத்தான் வரும்."

"அப்ப அதையே போட்டுடு" என்றார் முதலாளி.

"தம்பி," என்றார் அக்கா, போனைக் காதிலிருந்து எடுக்காமல், "எவ்வளவு இருந்தா அந்தப் புள்ளைக்குத் தொண்டை அடைக்கும்னு உன் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"அக்கா, அது வேற சப்ஜெக்ட்."

"கடுகு சிறுத்தா காரம் போயிடுமாடா?"

"'ஸ்மிட்ஜன்' எப்படி மாப்ள?" முதலாளி எங்கேயோ கேட்டதை எடுத்து விட்டார்.

அகராதி கனிவோடு சிரித்தார். "அது கொஞ்சற வார்த்தை மாமா. கோபம் வராது. ஆனா ஆபத்துன்னும் தோணாது. 'ட்ரேஸ்'தான் சரி. ஒண்ணு வந்துட்டுப் போன தடயம். யார் கொண்டு வந்தா, எப்ப வந்துதுன்னு அந்த வார்த்தை கேக்காது. ஆனா ஒண்ணு, போலீஸ்காரனும் அதே வார்த்தையத்தான் எழுதுவான்."

முதலாளியின் முகம் மைதா நிறத்துக்கு வந்தது. "வேற?"

ஜன்னல் வழியே கைதட்டல் வந்தது. பிறகு ஒரு பெண்குரல், நன்றி சொல்லத் தொடங்கியது.

அக்கா போனை மேசையில் வைத்தார். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"எங்கடி போற?"

"பெருசாச் சொல்லப் போறேன்."

ஸ்கூட்டர் சத்தம் தெருவில் தேய்ந்ததும் முதலாளிக்கு வேறு வழியில்லை. 'ட்ரேஸ்' ஏகமனதாக நிறைவேறியது. அதற்கு முன்னால் 'ஒருவேளை', பின்னால் 'வருந்துகிறோம்'. அகராதி ஒரு காற்புள்ளியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு அனுப்பினார். ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது. மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

தலைமையாசிரியையிடமிருந்து உடனே பதில் வந்தது. 'ட்ரேஸ்' மிகத் துல்லியமான தேர்வு, இக்காலத்தில் இப்படி எழுதுவோர் அரிது என்று பாராட்டியிருந்தார். அகராதி அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

அக்கா விழா அறைக்குள் ஓடியபோது கேக் எல்லாத் தட்டுகளுக்கும் போயிருந்தது. பிள்ளைகளின் மூக்கெல்லாம் கிரீம். அவர் வரிசை வரிசையாக முகங்களைப் புரட்டினார். ஒரு டீச்சர் "யாரும்மா நீங்க?" என்று குறுக்கே வந்தார். அவரை விலக்கினார். கடைசி பெஞ்சில் அந்தச் சிறுமி, முன்னால் தட்டு, கையில் தண்ணீர் பாட்டில்.

"கண்ணு, கேக்கு தின்னியா?"

சிறுமி இல்லையென்று தலையாட்டினாள். அட்டையில் எழுதியிருப்பதை நம்பாதே என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.