பச்சை அட்டை

டாக்டரம்மா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாதத்துக்கென்று வந்தவர். ஐந்து மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் என்பது பெயருக்குத்தான். கரும்பலகையில் ரத்த வகை எழுதியிருக்கும், பெஞ்சுகளில் அடிபட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சண்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதன் காயமெல்லாம் இந்தப் பக்கம். சம்பளம் கிடையாது, சரியான தூக்கம் கிடையாது, டீ என்று ஒரு வெந்நீர் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். யார் இவரை வரச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. தானாக வந்து மாட்டிக்கொண்டவர்.

வருகிறவர்களுக்கு வாசலிலேயே அட்டை கட்டுவது அவர் வேலை. சிவப்பு என்றால் நேரே அறுவை மேஜைக்கு. மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம். நடக்கிறவர், பேசுகிறவர் எல்லாம் பச்சை. பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஆளுக்கு அரை நிமிடம், அவ்வளவுதான். ஆனால் பச்சை கட்டியவரை அரை மணிக்கு ஒருதரம் திரும்பப் பார்த்தே ஆகவேண்டும். உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது. இதை எல்லோருக்கும் காது புளிக்கச் சொல்லிவைத்தவரும் அவர்தான்.

அன்று காலை பச்சை கட்டிய தையல்காரர் ஒருவர், பக்கத்து ஆளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர், பத்து மணிக்கு பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்தார். டாக்டரம்மா வயிற்றைத் திறந்து, மண்ணீரலை எடுத்து, ஆளைப் பிழைக்கவைத்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. வந்த வேகத்தில் நர்ஸைப் பிடித்துக்கொண்டார். நர்ஸுக்கு அங்கே ஜெனரேட்டர் என்று பெயர். பேச ஆரம்பித்தால் ஓயமாட்டார், ஓய்ந்துவிட்டால் எல்லோருக்கும் பயம் வந்துவிடும்.

“அவரைக் கடைசியா எப்போ பாத்தீங்க?”

“எட்டு மணிக்கு, மேடம். நீங்க அட்டை கட்டினப்போ.”

“பச்சைன்னு கட்டிட்டா அதோட மறந்துடறதா?”

ஜெனரேட்டர் ஓய்ந்துவிட்டார். “நல்லாத்தான் பேசிட்டிருந்தார், மேடம்,” என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா கை கழுவப் போனார். சோப்பு போட்ட கை பாதியில் நின்றது. நல்லாத்தான் பேசிட்டிருந்தார். அப்பாவும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்துக்கு முன் அக்கா போனில் சொல்லியிருந்தாள்: அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது, உன்னையே கேட்கிறார், வந்துவிடு. டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி. நடக்கிறாரா? பேசுகிறாரா? இரண்டுக்கும் ஆமாம். “அப்ப அவசரம் இல்லக்கா. டாக்டர்கிட்ட காட்டு. நான் அடுத்த வண்டில வரேன்.” எல்லைக்குப் போகிற வண்டி வாரத்துக்கு ஒன்றுதான். அந்த வார வண்டியில் தனக்கு வைத்திருந்த இடத்தைக் கால் போன ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். அடுத்த வண்டி வந்தபோது அறுவை மேஜை முன்னால் நின்றிருந்தார். இந்த வார வண்டி இன்று காலைதான் புறப்பட்டது. வாசலில் நின்று வழியனுப்பிக் கைகூடக் காட்டினார், பாவி.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். வண்டி நிரம்பி வழியும்போது படியில் நின்று, “பின்னாடியே வண்டி காலியா வருது, அதுல வாங்க,” என்று சொல்லி விசில் அடிப்பார். “நிஜமாவே வருதாப்பா?” என்று இவர் சின்ன வயதில் கேட்டிருக்கிறார். “எங்கம்மா வருது? அப்படிச் சொன்னாத்தான் நிக்கிறவங்க மனசு ஆறும்,” என்பார் அப்பா.

மொட்டைமாடியில் மட்டும்தான் போன் எடுக்கும். டாக்டரம்மா ஈரக்கையோடு ஏறினார்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “மூணு நாளா எந்திரிக்கல. ஆஸ்பத்திரில சேத்திருக்கு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டார், பொண்ணுக்கு அங்க வேலை கிடக்காம். அடுத்த வண்டி எப்போ?”

“ஒரு வாரம் ஆகும்க்கா.”

“அதுவரைக்கும் தாங்குமா? நீதானே டாக்டர், சொல்லு.”

முன்பின் தெரியாத யாருக்கும் இதை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இப்போது போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அக்காவின் குரலுக்குப் பின்னால் அப்பாவின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நாள் தாங்கும் என்று அந்தச் சத்தமே சொல்லிவிட்டது.

“தெரியலக்கா,” என்று பொய் சொன்னார். “அப்பாகிட்ட குடு.”

போன் கைமாறியது. டாக்டரம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, “அப்பா, அடுத்த வண்டில வந்துடறேன்ப்பா,” என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா தெரியவில்லை. “பின்னாடியே... காலியா வருதாக்கும்?”

“ஆமாப்பா. காலியா வருது.”

“அப்ப சரிம்மா,” என்றார் கண்டக்டர். “நான் நிக்கிறேன்.”