கடைசி பெஞ்சுக்கு ஆள் தேவை

ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த முதல் நாளே என்னை மக்காக்கிவிட்டார்கள்.

நிஜப் பிள்ளைகளிடம் அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு கூத்து நடக்கும். ஒருவர் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்த, மற்றவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். மீசை வைத்தவன்கூட விரலை நீட்டி, "டீச்சர், ஒண்ணுக்கு" என்பான். மதிப்பெண் போடுகிறவர் எங்கள் விரிவுரையாளர். சமத்துவமும் நியாயமும்தான் அவருடைய பாடம். பேசும்போது இரண்டு கைகளையும் ஏற்றி இறக்கிச் சரிபார்ப்பதால் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தோம். அவருடைய மதிப்பெண் தாளில், பின்தங்கிய மாணவர்மீது காட்டும் அக்கறைக்கு ஐந்து மதிப்பெண் உண்டு. அக்கறை காட்ட வேண்டுமென்றால் பின்தங்குவதற்கு ஓர் ஆள் வேண்டுமே! அன்று தாமதமாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். வயதும் மற்றவர்களைவிடக் கூடுதல். தராசு மோவாயால் என்னைக் காட்டி, "அந்தம்மா மக்கா இருக்கட்டும்" என்றார்.

அதிலிருந்து அந்த வேஷம் எனக்கே பட்டா ஆகிவிட்டது. கேள்வி கேட்டால் எழுந்து பேந்தப் பேந்த விழிப்பேன். ஆசிரியர் வேஷம் போட்டவர் என் தலையைத் தடவி, "பரவாயில்லைம்மா, உன்னாலயும் முடியும்" என்பார். உடனே எனக்கு ஞானம் பிறந்து சரியான விடையைச் சொல்வேன். எல்லாரும் கைதட்டுவார்கள். தராசு ஐந்தைப் போடுவார். கேள்வியும் விடையும் முந்தின நாளே எல்லாருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

மாமியாரிடம் சொன்னேன். "பள்ளிக்கூடம் போயி மக்கா திரும்பி வர்ற மொத ஆளு நீதான்" என்று அடக்க முடியாமல் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்று காலில் நரம்பு சுருண்டதுதான் மிச்சம். கடைசியாக நடத்தும் மாதிரி வகுப்பில் தேறினால்தான் நிஜப் பள்ளிக்கு அனுப்புவார்கள்.

என் முறை வந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. எனக்கு ஒரு மக்கு வேண்டும், ஒருத்தரும் வரவில்லை. பயிற்சியிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்ணிடம் போனேன். எதற்கும் முந்திரிக்கொட்டையாகக் கையைத் தூக்குவாள்.

"அக்கா, நான் தெரியாத மாதிரி நடிச்சா யாரு நம்புவா?" என்றாள் நிஜமான வருத்தத்தோடு.

அடுத்த பெஞ்சுத் தம்பியிடம் கேட்டேன். "எனக்கு அந்த அளவுக்கு நடிப்பு வராதுக்கா. உங்களுக்கு முகமே அமைஞ்சிருக்கு" என்றான். பாராட்டுகிறானாம்!

சரிதான் என்று விட்டுவிட்டேன். கேள்வியையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வகுப்பில் தூக்கிய கைகளைப் பார்க்காமல் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். நியாயம் என்றால் அதுதானே? முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்கு வந்த கேள்வி இது: "ஒரே ரொட்டி. மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?"

"நாலுல ஒண்ணுதான் டீச்சர்" என்றாள் பட்டென்று. "நாலு, மூணைவிடப் பெருசாச்சே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சத்தியமாக நான் சிரிக்கவில்லை. காகித வட்டங்கள் இரண்டை எடுத்துப் போய், ஒன்றை மூன்றாகவும் ஒன்றை நாலாகவும் அவளையே வெட்டச் சொன்னேன். துண்டின் மேல் துண்டை வைத்துப் பார்த்துச் சரியாகச் சொன்னாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே அவள் தலையைத் தடவி, "பரவாயில்லைம்மா, உன்னாலயும் முடியும். எல்லாரும் கைதட்டுங்க" என்றேன்.

கைதட்டல் முடிவதற்குள் அவள் விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

தராசு எழுந்துவிட்டார். "ஒரு மாணவியோட தன்மானத்தைக் காயப்படுத்திட்டீங்க. நியாயம்னா என்னன்னே உங்களுக்குப் புரியலைம்மா. தேறலை. மறுபடி நடத்தணும்."

"சார், இதே மாதிரி என் தலையைத் தடவினப்ப எல்லாருக்கும் அஞ்சு மார்க் போட்டீங்களே?"

"உங்களுக்கு அது பழக்கம்தானேம்மா" என்றார் தராசு, கைகள் இரண்டையும் அசைக்காமல். "அந்தப் பொண்ணு முதல் மார்க்."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, இவர் சுண்ணாம்பை வைத்துவிட்டு அதற்குப் பாடமும் நடத்துகிறார்.

அடுத்து அந்தத் தம்பியின் வகுப்பு. தராசு வழக்கம்போல மோவாயால் கடைசி பெஞ்சைக் காட்டினார். நான் நேரே போய் முதல் பெஞ்சில், விசும்பிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"சார், இனிமே நான் மக்கு இல்லை. வேற ஆளைப் பாருங்க."

"அக்கா, என் அஞ்சு மார்க்கு!" என்று தம்பி கெஞ்சினான். நான் அசையவில்லை. ஒருவரும் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போகவும் இல்லை.

பாவம், இரவெல்லாம் மனப்பாடம் செய்த பாடம் அவனுக்கு. நடத்த ஆரம்பித்தான். தலையைத் தடவும் இடம் வந்ததும் கால்கள் தாமாகவே அவனைக் கடைசி பெஞ்சுக்கு இழுத்துப் போயின. காலியான இடத்துக்கு மேலே கையை வைத்துத் தடவி, "பரவாயில்லைம்மா, உன்னாலயும் முடியும்" என்றான்.

வகுப்பே கைதட்டியது. தராசு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஐந்தைப் போட்டார்.