மாறிப்போன ஈஸ்டர் கூடை

சாசேஜில் முதல் துண்டை வாயில் போட்ட மால்வினா பாதி மெல்லும்போதே நிறுத்திவிட்டாள். முள்கரண்டி தட்டில் விழுந்து சத்தம் போட்டது.

"அம்மா, இது அப்பா போட்டது."

சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வாண்டாவுக்கு எரிச்சலாக வந்தது. ஈஸ்டர் காலையில், அதுவும் புருஷன் லியோன் போய்ச் சேர்ந்தபின் வரும் முதல் ஈஸ்டரில், இந்தப் பேச்சு தேவையா?

"உளறாதடி. கடையில வாங்கினது அது. உங்க அப்பாதான் நவம்பர் மாசமே கல்லறைக்குப் போயிட்டாரே."

"நீ ஒரு துண்டு வாயில போட்டுட்டுப் பேசு."

வாண்டா போட்டுக்கொண்டாள், மகளின் வாயை அடைக்கத்தான். முதலில் பூண்டு வந்தது, பிறகு கையில் கசக்கிப் போட்ட மர்ஜோரம் இலை, கடைசியாக நாக்கின் அடியில் லேசாக ஒரு இனிப்பு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாத்திரத்தை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதமாக எந்தச் சட்டையை மோந்து பார்த்தும், எந்தப் போட்டோவை எடுத்து வைத்தும் திரும்பி வராத மனுஷன், இதோ வாய்க்குள் வந்து நிற்கிறான்.

"கடைச் சரக்குன்னு சொன்னீங்க, இது அமர்க்களமா இருக்கே அத்தை" என்றான் மருமகன் ராஃபல். லூப்ளின் நகரத்துப் பையன், எதற்கும் அசரமாட்டான். கோயிலில் மந்திரித்து வந்த ஈஸ்டர் கூடையைப் பிரித்து எல்லாவற்றையும் தட்டில் அடுக்கியவன் அவன்தான். "அப்புறம், வெண்ணெயில செஞ்ச ஆட்டுக்குட்டிக்கு இந்த வருஷம் மிளகுல கண்ணு வெச்சிருக்கீங்க. எப்பவும் கிராம்புதானே வைப்பீங்க?"

"கிராம்புதான் வெச்சேன்" என்றாள் வாண்டா. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே உறைத்தது.

எழுந்து போய்க் கூடையை மூடியிருந்த துணியை விரித்துப் பார்த்தாள். சிவப்பு நூலில் அம்மா போட்ட சேவல், சுற்றிலும் அதே கொடி. ஆனால் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இல்லை. வாண்டாவின் துணியில் அது உண்டு. அம்மா ஒரே மாதிரி இரண்டு துணிகள்தான் தைத்தாள், பெண்ணுக்கு ஒன்றாக. இன்னொன்று அக்கா லுத்மிலாவிடம் இருக்கிறது.

இருவரும் பேசிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. நோயில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் வீடு லுத்மிலாவுக்குப் போனது. அதில் வாண்டாவுக்கு வருத்தமில்லை. அவள் கேட்டது கொல்லையில் நின்ற புகைக்கொட்டகையை. அப்பா சாசேஜ் தொங்கவிட்டுப் புகைபோட்ட கொட்டகை அது. கரியேறிய அந்தப் பலகைகளில்தான் அப்பா கைருசி ஊறியிருக்கிறது என்று அவள் உறுதியாக நம்பினாள். லுத்மிலா மாட்டேன் என்றாள். வாண்டா டிராக்டரைக் கொண்டுபோய் ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்து எடுத்து வந்தாள். லுத்மிலா வாசற்படியில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பலகைய எடுத்துட்டுப் போ. ருசி பின்னாலயே வருதான்னு பாக்கலாம்."

வாண்டா அதே பலகைகளால் தன் கொல்லையில் கொட்டகையை எழுப்பினாள். முதல் வருஷம் ருசி வரவில்லை. ஈஸ்டர் மேசையில் வாண்டா எல்லோர் முன்னாலும் விம்மி அழுதாள். மறுவருஷம் லியோன், தானே கறியைக் கலந்து தருகிறேன் என்றான். பக்கத்து ஊர் சிநேகிதனிடம் மோட்டார் வைத்த அரவை மிஷின் இருக்கிறது என்று சொல்லித் தொட்டி நிறையக் கறியை ஏற்றிக்கொண்டு போனான். அரைத்து, கலந்து, ஈரத்துணி மூடிக் கொண்டுவந்தான். வாண்டா அதைக் குடலில் அடைத்துக் கொட்டகையில் தொங்கவிட்டாள். ருசி வந்துவிட்டது, அப்பட்டமாக அப்பாவின் ருசி. அன்றிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவள் மேசையில் இந்தப் பேச்சு உண்டு: "பாத்தீங்களா, எல்லாம் பலகையிலதான் இருக்கு. அவளுக்கு என்ன தெரியும்?" லியோன் தலையைக் குனிந்துகொண்டு மென்றுகொண்டிருப்பான். வாயில்லாப் பூச்சி என்று ஊரே அவனைச் சொல்லும்.

இந்த வருஷம் அவளே அரைத்தாள், அவளே கலந்தாள். அதே கொட்டகை, புகைக்கு அதே பீச் மரத்து விறகு. வெந்து வந்தது வைக்கோல் மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டு டவுன் கடையில் வாங்கிக் கூடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நேற்று கோயிலுக்குப் போனாள். கோயில் வாசலில் நீளப் பலகை போட்டு ஊர்க் கூடைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். லுத்மிலாவின் கூடை அடுத்ததாக வந்து மாட்டிக்கொண்டது. அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வாண்டா எதிரே இருந்த மரத்தைப் பார்த்தபடியே கையை நீட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டாள். மந்திரித்த கூடையை ஞாயிறு காலைவரை யாரும் தொடமாட்டார்கள்.

இப்போது அந்தக் கூடையிலிருந்த முட்டையைப் பங்கு போட்டு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி, சாப்பிட்டும் ஆயிற்று. லுத்மிலாவின் முட்டை.

"எங்கம்மா போறே? சூப் ஆறுது!"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, மிச்சத்தை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் சொன்ன ஈஸ்டர் வாழ்த்து எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கூடையோடு லுத்மிலாவின் படலைத் தள்ளியபோது கொல்லையில் ஒரு துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய் கண்ணில் பட்டது. அடியில் ஓட்டை, உள்ளே சாம்பல், குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் கொக்கிகள். அவ்வளவுதான் அங்கே இருந்தது. பலகையும் இல்லை, அப்பாவின் கரியும் இல்லை. அதில் தொங்கிய சாசேஜைத்தான் மால்வினா வாயில் போட்டாள்.

லுத்மிலா கதவைத் திறந்தாள். கூடையைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"செருப்பத் தொடச்சிட்டு வா. சேறு."

மேசையில் வாண்டாவின் கூடை பிரிந்து கிடந்தது. கடைச் சாசேஜில் ஒரு துண்டு மட்டும் குறைந்திருந்தது. தட்டில் பாதி முட்டை, மஞ்சள் கரு ஓரம் காய்ந்துபோய்.

"கூடை மாறிப்போச்சு" என்றாள் வாண்டா. தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

"மாத்தி எடுத்தது நீ. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

"பாத்துட்டா சும்மா நின்னே? ஒரு குரல் குடுத்தா என்ன?"

"குடுத்தா திரும்பியிருப்பியாக்கும்?"

வாண்டா கூடையை மேசையில் வைத்தாள். கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அவருக்கு... நீதான் கலந்து குடுத்தியா?"

"பின்னே? அந்த மனுஷனுக்குப் பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியுமா?" லுத்மிலா உட்கார்ந்தாள். முட்டியைத் தடவிக்கொண்டே பேசினாள். "நீ மேசையில அழுத வருஷம், அடுத்த ஈஸ்டருக்கு முன்னால ஒரு நாள் பின்வாசல்ல வந்து நின்னாரு. தொட்டியக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு, அடிவாங்கின நாயாட்டம். 'அவ திரும்ப அழுதா என்னால தாங்க முடியாது அண்ணி, உன் காலப் பிடிக்கிறேன்'னாரு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. திட்டித் தொரத்திடலாம்னுதான் பாத்தேன். கறி நல்ல கறியா இருந்துச்சு."

"இத்தனை வருஷமுமா?"

"இத்தனை வருஷமும். அப்பாகூட நின்னு கலந்தவ நான்தானே. நீ கிட்ட வரமாட்டே, பச்சைக் கறி நாத்தம்னு மூக்கப் பிடிச்சிட்டு ஓடுவே."

வாண்டா கண் முன்னால் அவள் வீட்டு மேசை வந்து நின்றது. பாத்தீங்களா, எல்லாம் பலகையிலதான் இருக்கு. அவளுக்கு என்ன தெரியும்? அதைச் சொல்லிக்கொண்டே அவள் அள்ளித் தின்றது அக்கா பிசைந்த கறியை. எதிரே உட்கார்ந்து தலை குனிந்து மென்றவன் அத்தனையும் தெரிந்தவன். சிரித்துக்கொண்டிருந்தானா, பயந்துகொண்டிருந்தானா? இனி யாரைக் கேட்பது? அவமானத்தில் காது மடல் சுட்டது. அதற்கு அடியில், அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று நெஞ்சை அடைத்தது. அவளுடைய ஒரு அழுகையை நிறுத்த அந்த வாயில்லாப் பூச்சி வருஷா வருஷம் எதிரி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றிருக்கிறான்.

"இந்த வருஷமும் பூட்ட எடுத்துத்தான் வெச்சிருந்தேன்" என்றாள் லுத்மிலா, ஜன்னலைப் பார்த்தபடி. "பின்வாசல் பூட்ட. நீ வரமாட்டேன்னு தெரியும். அவர் போறப்பவாவது உன்கிட்டச் சொல்லியிருப்பாரு, மால்வினாகிட்டயாவது கறியக் குடுத்து அனுப்புவியோன்னு பாத்தேன். யாரும் வரல. சரி, நானே கறி வாங்கிப் பீப்பாயிலயாவது போடுவோம்னு போட்டேன்." பிறகு கடைச் சாசேஜை விரலால் தள்ளிவிட்டாள். "இதெல்லாம் ஒரு சாமான்னு கூடையில வெச்சு மந்திரிக்கக் கொண்டு வந்தே பாரு. சாமியாருக்கே அடுக்காது."

வாண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அது தொண்டையைத் தாண்டுவதற்குள் வேறொன்றாக மாறிவிட்டது. கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

லுத்மிலா தட்டை மெதுவாக மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள். வெங்காயத் தோலில் வேகவைத்து வாண்டாவே சிவப்பாக்கிய முட்டை. அக்காவின் பங்கு போக மீதி பாதி, மஞ்சள் கரு மேலே பார்க்க, நேற்று மந்திரித்த உப்பு ஒன்றிரண்டு கல் ஒட்டியபடி, இருவருக்கும் நடுவில் இருந்தது.