ஊசிமுனைச் சொட்டும் கொசு கிரீமும்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இசைவாணி என்ற ஆராய்ச்சி மாணவி தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘காவிரி அன்று அழுதுகொண்டே –’

(அடித்துவிட்டேன். இசைவாணி படித்தால் சிரிப்பாள்.)

2

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. ரசாயனத்தைக் கரைத்து இழுக்கும் கரைப்பான் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு, கடுகளவு, ஊசிமுனையிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும். கலந்திருக்கும் ரசாயனம் மெல்ல அதற்குள் போய் ஒண்டிக்கொள்ளும். சொட்டைத் திரும்ப இழுத்துக் கருவிக்குள் செலுத்தினால், திரையில் ஓடும் கோட்டில் மேடு எழும்பும். (சொட்டு பாதியில் உதிர்ந்தால் முதலிலிருந்து. அப்போது அவள் சொல்லும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.)

விவசாயி தியாகேசனின் மீன் குளத்துத் தண்ணீரில் பெரிய மேடு: பூச்சிவிரட்டி ரசாயனம். பதறிப்போய் அவருக்குச் சொல்லிவிட்டாள். அவர் மீன் பிடிப்பதை நிறுத்தினார்.

இந்த இடத்தில் ஓர் ஆலை முதலாளியை வில்லனாக இறக்க எனக்கு ஆசை. கறுப்புக் கார்கூட வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் முதலில் பார்த்திருக்க வேண்டிய பாட்டிலை அவள் கடைசியில் பார்த்தாள். அது காய்ச்சி வடித்த தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்கக் குளக்கரையில் திறந்து மூடிக் கொண்டுவந்தது. அதிலும் அதே மேடு!

அவள் கையில் பூசியிருந்த கொசு கிரீம்.

3

‘அவள் யாரிடமும் சொல்லாமல் –’

இல்லை, சொன்னாள். மறுநாளே நேரில் போய்.

“ஐயா, தப்பு என்னோடதுதான். அது குளத்துல இல்ல, என் கையில இருந்துச்சு.”

“கொசுவுக்குப் பூசுனதுக்கா நான் வலைய மடிச்சு வச்சேன்?” என்றார் தியாகேசன். அவர் மனைவி தர்மாம்பாள் சிரித்தேவிட்டாள். இசைவாணிக்குக் காது சுட்டது.

(மன்னார்குடி இங்கேதான் வந்தது, அவள் போனில் சிக்னல் போனது. இனி என் கைச்சரக்கு.)

கிரீம் இல்லாமல், கொசுக்கடியோடு மறுபடி தண்ணீர் எடுத்தாள். ஒப்பீட்டு பாட்டில் இப்போது சுத்தம். குளத்துத் தண்ணீரில் மட்டும் வேறொரு மேடு. சின்னது, ஆனால் நிஜம். களைக்கொல்லி.

“இது எந்த கிரீமுங்க?”

“நம்புங்கய்யா.”

“பாட்டிலக் குடுங்கம்மா. நானே புடிக்கிறேன். நீங்க கரையிலேயே நில்லுங்க.”

பிடித்தார். ஆய்வகத்துக்கும் கூடவே வந்து, சொட்டு தொங்கிய நேரமெல்லாம் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். அதே இடத்தில் அதே மேடு.

“யாரு வயல்லேருந்து வருது?”

“சொட்டு பேரு சொல்லாதுங்கய்யா. வாய்க்கால்ல மேல இருக்குற எந்த வயலாவும் இருக்கலாம்.”

“என் வயலும் மேலதான் இருக்கு. மீனத் தின்னா என்ன ஆகும்?”

“இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கிறேன். உறுதியாச் சொல்லத் தெரியல.”

4

அவர் வலையை விரிக்கலாம். அல்லது குளத்தை வடிக்கலாம். வடித்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போகும், அதையும் யோசியுங்கள்.

இந்தக் கதையை நானே முடித்திருப்பேன். ஆனால் நான் சைவம். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் கெண்டைக்கு முன்னால் பையோடு நிற்கப்போவது நீங்கள்.