தீயணைப்பு நிலையத்தில் அசனம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கராஜில் கிடைத்தது. 2001 கோடையில், வெஸ்ட் வின்ட்சரில் நஞ்சுண்டனும் புஷ்பவல்லியும் வாங்கிய புது வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். நாற்காலி எடுக்கக் கராஜுக்குள் நுழைந்தால், பனி அள்ளும் மண்வெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இறங்கிக் குளிக்கிற அளவுக்கு அண்டா.

"அதுங்களா? அது சர்ச்சோடதுங்க" என்றார் புஷ்பவல்லி.

அவர் பவானிக்காரர். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கிறது. அவர் வீட்டில் சர்ச் அண்டாவுக்கு என்ன வேலை? நாற்காலியை மறந்தேன். விருந்து முடியும்வரை அவரைக் குடைந்துகொண்டிருந்தேன். ஆக, கதை அவருடையது. குறைகள் மட்டும் என்னுடையவை.

2

முதல் தொடக்கம்: "கண்மணி ஜன்னல் வழியே பனி விழுவதைப் பார்த்தாள். அவள் மனம் கடல் கடந்து—"

வேண்டாம். அமெரிக்கா வந்த தமிழ்ப் பெண்களையெல்லாம் ஜன்னலோரம் நிறுத்திச் சளி பிடிக்கவைத்தது போதும். தவிர, கண்மணி ஆஸ்பத்திரி நர்ஸ். அவளுக்கு வேடிக்கை பார்க்க நேரம் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "எபிஸ்கோப்பல் திருச்சபை என்பது ஆங்கிலிக்கன் மரபின் அமெரிக்கக் கிளை. அதில் மிஷன் எனப்படுவது—"

எனக்கே கொட்டாவி வருகிறது. மிஷன் என்றால் இன்னும் தவழ்கிற சபை, அவ்வளவுதான். சொந்தக் கட்டடம் இராது. பிஷப்பின் கீழுள்ள திருமண்டலம்தான் கைபிடித்து நடத்தும். பிள்ளை நடக்கும் என்று தோன்றினால் வளர்ப்பார்கள். தோன்றாவிட்டால் பக்கத்து ஊர்ப் பெரிய சபையோடு சேர்த்துவிடுவார்கள்.

3

பிளெய்ன்ஸ்பரோ பக்கம் அப்படியொரு மிஷன், 1996இல் ஒரு தீயணைப்பு நிலையத்தின் மாடியிலிருந்த வாடகை ஹாலில் தொடங்கியது. சனிக்கிழமை யாராவது பிறந்தநாள் கொண்டாடியிருந்தால், ஞாயிறு ஆராதனை பலூன்களுக்கு நடுவில்தான். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கொஞ்சம், நைஜீரியக் குடும்பம் ஒன்று, போதகர் லிண்டா, பிறகு கண்மணியும் அவள் கணவர் ராஜசிங்கும்.

கண்மணி நாசரேத்துக்காரி. நியூ ஜெர்சி வந்து பல பெரிய சர்ச்சுகளுக்குப் போய்ப் பார்த்திருந்தாள். கைகுலுக்குவார்கள், சிரிப்பார்கள், கார் ஏறிப் போய்விடுவார்கள். இங்கே இரண்டாவது ஞாயிறே லிண்டா வேதப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீங்க வாசிக்கிறீங்களா?" என்று கேட்டார். கண்மணி வாசித்தாள். திரும்பும்போது காரில் கணவரிடம் சொன்னாள்:

"ஏங்க, இதுதான் நம்ம கோயில்."

"பலூன் கோயிலா?" என்றார் ராஜசிங்.

"இருந்துட்டுப் போட்டும். பலூனோடயே இருக்கட்டும்."

இரண்டு வருடம் கழித்து, பிஷப் நேரில் வரப்போகிறார், பார்த்துவிட்டு மிஷன் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு சொல்வார் என்று லிண்டா அறிவித்தபோது, கண்மணிக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம கோயிலை இழுத்து மூடிவிடுவார்களோ?

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பிஷப் வருகிற அன்றைக்கே அசனம்* வைத்துவிடுவது.

(*அடிக்குறிப்பு, படிக்காமல் தாண்டாதீர்கள்: திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஊர் கூடிச் சமைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு அசனம் என்று பெயர். ஊர் என்றால் ஊர்தான். கோயிலுக்கு வருகிறவர், வராதவர் என்ற பேச்சே கிடையாது. ஒரு வீட்டை விட்டுவிட்டு அழைத்தாலும் அது வெறும் சாப்பாடுதான்.)

4

அப்போது புஷ்பவல்லியும் குடியிருந்த அபார்ட்மென்டின் லாண்டரி ரூமில் கண்மணி ஊரை அழைக்கத் தொடங்கினாள்.

"புஷ்பா, ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல அசனம். குடும்பத்தோட வந்திரணும் பாத்துக்க."

"நாங்க வரலாமுங்களாக்கா? நாங்க கிறிஸ்டியன் இல்லீங்களே."

"சாப்பிடுவேல்லா? பின்ன என்ன?"

ட்ரையரிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த காமாக்ஷியையும் விடவில்லை. "மாமி, உங்களுக்குச் சாம்பார் தனி அண்டா, தனிக் கரண்டி. நானே பக்கத்துல நின்னு வாட்ச் பண்ணுதேன்."

"அப்போ எங்காத்துக்காரர் ராமசுப்ரமணியனையும் இழுத்துண்டு வரேன். சண்டேன்னா டிவிதான் அவருக்கு."

கண்மணி எல்லோரிடமும் சொன்னது இதுதான்: பத்து மணிக்கு ஆராதனை, அது முடிந்ததும் சாப்பாடு. சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். "சாப்பிட மட்டும் போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்று பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் பத்துக்கு முன்னாலேயே ஹாலை நிறைத்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மலை. பிஷப் அதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டியிருந்தது.

5

பிஷப்பை நான் முதலில் மெல்லிய உதடும் கடுகடுத்த முகமுமாக எழுதியிருந்தேன். கதைக்கு ஓர் எதிராளி வேண்டாமா? புஷ்பவல்லிக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"ஐயோ, அவரு அப்படியே இல்லீங்க. கொழம்பு மறுக்கா மறுக்கா வாங்குனாருங்க."

எனவே எதிராளி போயிற்று. கஷ்டம் மட்டும் மிச்சம்.

பிரசங்கம் முடிந்ததும் பிஷப் கேட்டார்: "இந்த மிஷனைச் சேர்ந்தவர்கள் தயவுசெய்து எழுந்து நிற்பீர்களா?"

கண்மணி எழுந்தாள். எப்போது உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று தெரியாத ராமசுப்ரமணியன் காலையிலிருந்து கண்மணியின் முதுகைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருந்தார். அவரும் எழுந்தார். அவரைப் பார்த்து நஞ்சுண்டன் எழுந்தார். பிறகு ஹால் முழுவதும் எழுந்தது. சபையில் நடக்கிறதைச் செய்யாவிட்டால் மரியாதையாக இருக்காதே!

பிஷப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

6

பந்தி தரையில். ஊதாச் சட்டை போட்ட பிஷப்பும் சம்மணம் போட்டார். கறிக்குழம்பு வாசனை கீழே போய், தீயணைப்பு வீரர்களும் தட்டோடு மேலே வந்துவிட்டார்கள்.

"வளராத மிஷன் என்றார்களே!" என்று பிஷப் லிண்டாவிடம் உரக்கச் சொன்னார். "நாளைக்கே எல்லோருக்கும் சொல்கிறேன். இதை யாரும் மூட முடியாது."

கரண்டியோடு நின்ற கண்மணிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. எழுந்து நின்றவர்கள் எல்லோரையும் இவர் சபையார் என்றே நினைத்துவிட்டார். ராஜசிங் தூரத்திலிருந்து, பேசாதே என்று கண்ணால் கெஞ்சினார். பேசாமல் இருந்தால் கோயில் பிழைக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு அதே கோயிலில் நின்று எந்த வாயால் வேதம் வாசிப்பது?

(இந்த இடத்தில் சைரன் ஊதி எல்லோரும் ஓடுவதாக எழுதியிருந்தேன். அவளைத் தப்பிக்கவைக்கிற ஆசை. வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

கண்மணி ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பிஷப், மன்னிக்கணும். எழுந்து நின்னவங்கள்ல முக்காவாசிப் பேர் இந்துக்கள். எங்க அக்கம்பக்கம். சாப்பிடக் கூப்பிட்டேன், மரியாதைக்கு ஆராதனைக்கும் வந்துட்டாங்க. சபைன்னா நாங்க இவ்வளவுதான்."

7

இனி முடிவுகள்.

(அ) பிஷப் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். என் வரைவில்கூட மனிதர் தட்டைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறார்.

(ஆ) வந்தவர்கள் அத்தனை பேரும் மறு வாரமே ஞானஸ்நானம்— காமாக்ஷி மாமி இதைப் படித்தால் எனக்கு இந்த ஜென்மத்தில் காபி கிடையாது.

(இ) புஷ்பவல்லி சொன்னது. பிஷப் பந்தியின் பக்கம் திரும்பி, பக்கத்திலிருந்த நஞ்சுண்டனிடம், "அப்படியானால் ஏன் எழுந்தீர்கள்?" என்றார்.

"கண்மணியக்கா எந்திரிச்சாங்க. அவங்க தனியா நின்னா நல்லாருக்காதுங்களே."

பிஷப் வயிறு குலுங்கச் சிரித்தார். முழங்காலைப் பிடித்து மெல்ல எழுந்தார். "இந்தத் தடவை யாரும் எழ வேண்டாம். யாரும் யாரையும் பார்த்துப் பதில் சொல்லவும் வேண்டாம். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. இந்தச் சின்னச் சபை இந்த ஊரில் நிலைத்து நிற்க உங்களால் ஆனதைச் செய்வீர்களா?"

கண்மணி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நிமிர அவளுக்குப் பயம்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பந்தி என்ன சொன்னது என்பதை, மூன்று வருடம் கழித்தும் புஷ்பவல்லியின் கராஜில் இருந்த சர்ச் அண்டாவே சொல்லும். பந்தியில் கடைசித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். கண்மணி உங்களுக்கும் பரிமாறிவிட்டாள், நீங்களும் சாப்பிட்டாயிற்று. கேள்வி உங்களுக்கும் சேர்த்துத்தான். சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவள் காதில் விழ வேண்டும்.